அதாவது

அமெச்சூர் வானொலிப் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்து மூன்றாவது வாரம் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டேன். நாற்பது மீட்டர் பட்டையில் பேச விரும்பும் ஒருவர் தம் கருவியை எந்த அதிர்வெண்ணில் வைக்க வேண்டும் என்பது கேள்வி. அலைநீளம் மீட்டரில் தெரிந்தால் 300ஐ அதனால் வகுக்க மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். மெகாஹெர்ட்ஸ் தெரிந்தால் 300ஐ அதனால் வகுக்க மீட்டர் கிடைக்கும். பரீட்சைக்கு உரிய சூத்திரங்களில் ஆகச் சுலபமானது இதுதான். 300ஐ 40ஆல் வகுத்து 7.5 என்று எழுதிப் பேனாவை மூடினேன். பதினொரு வருஷமாக வங்கிக் கவுண்ட்டரில் தசமப் புள்ளி தவறாமல் எழுதிக்கொண்டிருப்பவன் இதிலா தவறிவிடப் போகிறான் என்ற தைரியம்.

எனக்குச் சொல்லித்தருபவர் தந்தி இலாகாவில் தந்தியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 2013 ஜூலையில் தந்தி சேவையையே மூடிவிட்டார்கள். அதற்கு வெகு முன்பே இவர் வெளியே வந்துவிட்டார். மோர்ஸ் மட்டும் விரலில் தங்கிவிட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே நாற்காலிக் கையில் எதையாவது தட்டிக்கொண்டிருப்பார். என் விடையைப் பார்த்துவிட்டு, "கணக்கு சரி. லைசென்ஸ் போச்சு" என்றார்.

"ஏன் சார்?"

"நமக்குக் குடுத்திருக்கிறது ஏழாயிரம் கிலோஹெர்ட்ஸிலேருந்து ஏழாயிரத்து இருநூறு வரைக்கும். ஏழு புள்ளி அஞ்சு மெகாஹெர்ட்ஸ் யாரோட வீடோ. அங்கே போய் உக்காந்து பேசுவியா?"

"நாற்பது மீட்டர்னுதானே சார் கேட்டிருக்கு?"

"அது பேருப்பா. பொன்னுசாமின்னு பேரு வெச்சவன்கிட்டே எல்லாம் பொன்னா இருக்கு?"

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 7.0 மெகாஹெர்ட்ஸுக்கு 42.86 மீட்டர். 7.2க்கு 41.67. நாற்பது மீட்டர் பட்டையில் எந்த இடத்திலும் நாற்பது மீட்டர் கிடையாது. அதற்கு அடுத்தாற்போல் ஒலிபரப்பு நிலையங்களுக்கென்று ஒதுக்கியிருக்கும் 41 மீட்டர் பட்டை 7.2இல் ஆரம்பித்து 7.45 வரை போகிறது. மீட்டரில் சொன்னால் 41.67இலிருந்து 40.27 வரை. ஆக, நாற்பது என்று பெயர் கொண்டது நாற்பத்தொன்று என்று பெயர் கொண்டதைவிட நீளம். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

ஒரு காலத்தில் அளவாக இருந்தது பிறகு வெறும் பெயராக நின்றுவிடுகிறது. சிற்றலை என்பதும் அப்படித்தான். 1912இல் அமெரிக்காவில் வந்த வானொலிச் சட்டம் அமெச்சூர்களை 200 மீட்டருக்கும் அதற்குக் குறைந்த அலைகளுக்கும் தள்ளியது. கடற்படையும் கம்பெனிகளும் நீண்ட அலைகளைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டன. 200 மீட்டருக்குக் கீழே, அதிர்வெண்ணில் சொன்னால் 1.5 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, எல்லாம் உபயோகமற்ற தரிசு என்பது அன்றைய நிபுணர்களின் அபிப்பிராயம். 1923 நவம்பரில் அட்லாண்டிக்கின் இரு கரையிலும் இருந்த அமெச்சூர்கள் 110 மீட்டருக்கு அருகில் ஒருவருக்கொருவர் சேதி பரிமாறிக்கொண்டார்கள். வானத்தின் மேலடுக்கு இந்த அலைகளை வளைத்துத் திரும்பவும் பூமிக்கே அனுப்பிவிடுகிறது. அதனால்தான் சின்ன கருவியைக் கொண்டு கடல் கடக்க முடிகிறது. விஷயம் தெரிந்ததும் கம்பெனிகளும் அரசாங்கங்களும் தரிசுக்கு வந்து சேர்ந்தன. முந்நூறு பிரதி அச்சடிக்கும் பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் இந்தச் சரித்திரத்தைப் படித்துக் கொஞ்சம் ஆறுதல் அடையலாம். அதற்குமேல் அதை இழுக்க எனக்கு விருப்பமில்லை. சொல்ல வந்தது பெயரைப் பற்றி. கைப்பேசியின் அலை ஒரு முழம்கூட இல்லாத இந்த நாளிலும் நாற்பது மீட்டர் அலையைச் சிற்றலை என்றுதான் சொல்கிறோம். புதுக்கவிதையையும் அறுபது வருஷத்துக்கு மேலாகப் புதுக்கவிதை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்த மாற்றுக் கணக்கை நான் முதன்முதலில் கேட்டது தாத்தாவின் ரேடியோவில். வால்வு வைத்த பெட்டி. வருஷா வருஷம் தபாலாபீஸில் லைசென்ஸ் கட்டிக் கேட்ட காலத்தில் வாங்கியது. நான் பார்த்தபோது லைசென்ஸ் போய்விட்டிருந்தது, பெட்டி இருந்தது. போட்டால் சூடேறிப் பேச ஒரு நிமிஷமாகும். சென்னை நிலையத்தில் ஒலிபரப்புத் தொடங்கும்போது மத்திய அலை 416.7 மீட்டர், அதாவது 720 கிலோஹெர்ட்ஸ் என்று அறிவிப்பார்கள். அதாவது என்ற சொல்லே எனக்கு அங்கிருந்துதான் வந்தது. மீட்டருக்கும் கிலோஹெர்ட்ஸுக்கும் நடுவில் இருக்கும் ஏதோ இடத்தின் பெயர் அது என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தாத்தா முன்பாதியை மட்டும்தான் கேட்பார். அவர் பெட்டியின் முகப்புக் கண்ணாடியில் மீட்டர் மட்டுமே எழுதியிருந்தது. கிலோஹெர்ட்ஸ் வேறு யாருக்கோ சொல்வது.

இப்போது அந்த அதாவதைப் பிரித்துப் பார்க்க முடிகிறது. 720 கிலோஹெர்ட்ஸ் என்பது 0.72 மெகாஹெர்ட்ஸ். 300ஐ 0.72ஆல் வகுத்தால் 416.67. ஆனால் 300 என்பதே முழுசாக்கிய எண். ஒளி ஒரு நொடியில் போகிற தூரம் 299792458 மீட்டர். அதை வைத்து வகுத்தால் 416.38 வருகிறது. அறிவிப்பாளர் தினமும் ஏறக்குறைய ஓர் அடி கூட்டிச் சொல்லியிருக்கிறார். அதனால் யாருக்கும் நிலையம் கிடைக்காமல் போகவில்லை. 1983இல் மீட்டருக்கு லக்ஷணத்தை மாற்றி எழுதினார்கள். வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடியில் போகும் தூரத்தில் 299792458இல் ஒரு பங்கு என்று. மீட்டர் என்பதே இப்போது நொடியிலிருந்து பெயர்த்தெடுத்த அளவுதான்.

அப்படியானால் ஒரே அலைக்கு எதற்கு இரண்டு எண் என்று சாரைக் கேட்டேன். ஹெர்ட்ஸ் 1880களின் கடைசியில் கார்ல்ஸ்ரூஹேயில் பரிசோதனை செய்தபோது அவரால் அளக்க முடிந்தது நீளத்தைத்தான். சுவரில் துத்தநாகத் தகட்டைச் சாத்தி, போகிற அலையும் திரும்புகிற அலையும் சேர்ந்து நிற்கும் இடங்களைத் தேடி, இடைவெளியை அளந்தார். நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பெறவேண்டியிருந்தது. பல வருஷம் கழித்துக் குவார்ட்ஸ் படிகம் வந்து அதிர்வெண்ணை நேராகப் பிடித்து நிறுத்த வழி செய்தது. ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் வரப்புக் கட்டுவது அதிர்வெண்ணில்தான் சுலபம். மத்திய அலையில் நம் நிலையங்கள் ஒன்பது ஒன்பது கிலோஹெர்ட்ஸ் தள்ளி உட்கார்ந்திருப்பதை மீட்டரில் சொல்லிப் பார்த்தால் அசிங்கமான எண்களாக வரும். எனவே சட்டம் ஹெர்ட்ஸில் பேசுகிறது. கம்பி இன்னும் மீட்டரில் பேசுகிறது. சாருக்குக் கம்பி அடியில் பேசும். 468ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலைக் கம்பிக்கு வேண்டிய அடி வந்துவிடும். வெறும் வெளியில் அரை அலைக்கு 492 என்று இருக்கவேண்டியது. கம்பியின் முனைகளில் நடக்கும் சமாசாரத்தால் ஐந்து சதவீதம்போலக் குறைத்து வெட்ட வேண்டியிருக்கிறது. பரீட்சையிலும் இரண்டு பகுதி: வானொலிக் கோட்பாடும் நடைமுறையும் ஒன்று, விதிமுறைகள் இன்னொன்று. முதல் பகுதி படிக்கும்போது என் மனசில் கம்பி ஓடுகிறது, இரண்டாவதில் வேலி.

சார் மெகாஹெர்ட்ஸை இன்னும் மெகாசைக்கிள் என்றுதான் சொல்கிறார். 1960இல் சர்வதேச அளவுகளின் மாநாடு ஹெர்ட்ஸ் என்ற பெயரை ஏற்றுக்கொண்டதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. எனக்கும் சைக்கிள்தான் பிடிக்கிறது. என்ன நடக்கிறது என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. ஹெர்ட்ஸ் என்றால் 36 வயதில் இறந்துபோன ஒரு மனிதர். எனக்கும் அந்த வயது நெருங்குகிறது, அதனால் கொஞ்சம் மரியாதையோடு உச்சரிக்கிறேன்.

அறிவிப்பாளரின் அதாவதுக்கு ஒரு குணம் உண்டு. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகலாம்; அங்கிருந்து திரும்பியும் வரலாம். 720ஐக் கொடுத்தால் 416.7. 416.7ஐக் கொடுத்தால் 720. வழியில் எதுவும் சிந்துவதில்லை. வங்கியில் நான் பார்க்கும் மாற்றம் வேறு. டாலரை ரூபாயாக்க ஒரு விலை, ரூபாயை டாலராக்க இன்னொரு விலை. காலையில் நூறு டாலரை மாற்றிக்கொண்டு போய், மனசு மாறி, மத்தியானமே திரும்ப வருகிறவருக்கு நூறு டாலர் கிடைக்காது. நடுவில் வங்கி உட்கார்ந்திருக்கிறது. விமரிசகனின் அதாவது இந்த இரண்டாவது ரகம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்: கொஞ்சம் சேதாரம் உண்டு, தவிர்க்க முடியாது, நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அப்படிக்கூட இல்லை என்று இப்போது படுகிறது.

எட்டு வருஷங்களுக்கு முன் ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். தெற்கே ஓர் ஊரில் பௌதிக ஆசிரியராக இருப்பவருடைய முதல் தொகுப்பு. பாராட்டித்தான் எழுதினேன். அதில் ஒரு வாக்கியம்: இவை உயர்ந்த அலைவரிசையில் எழும் நீண்ட அலைகள், அதாவது காலத்தை அதிரவைக்கும் வீச்சு கொண்டவை. எழுதியபோது பிடித்திருந்தது. இரண்டு நண்பர்கள் அந்த வாக்கியத்தைக் குறிப்பிட்டு நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்கள். பத்திரிகை வெளிவந்து இரண்டு வாரத்தில் அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அலைவரிசை என்று அதிர்வெண்ணைச் சொல்கிறீர்கள் என்று கொள்கிறேன். அது உயர்ந்தால் அலை குறுகித்தான் ஆக வேண்டும். வீச்சு இவை இரண்டோடும் சம்பந்தப்படாத மூன்றாவது விஷயம். நீங்கள் என் கவிதைகளில் எதைப் பார்த்தீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. இவ்வளவுதான். கோபம் இல்லை. கீழே மதிப்புரைக்கு நன்றி என்றும் இருந்தது.

டீக்கடையில் நண்பர்களிடம் அந்தக் கார்டைக் காட்டிச் சிரித்தேன். கவிஞரிடம் உருவகத்தில் பேசினால் பாடபுத்தகத்தை எடுத்துக்கொண்டு வருகிறாரே என்றேன். பதில் போடவில்லை. பி.ஏ.வில் இங்கிலீஷ் படித்தவனுக்கு உருவகம் என்றால் எந்தச் சுங்கச்சாவடியிலும் நிற்கவேண்டியதில்லை என்ற எண்ணம் இருந்தது.

இப்போது பரீட்சைக்காக 300ஐ எதனாலாவது வகுக்கும்போதெல்லாம் அந்தக் கார்டு ஞாபகம் வருகிறது. ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே தீர வேண்டும் என்று ஐந்நூறு தடவை கை போட்டுப் பழகிய பிறகு, உயர்ந்த அலைவரிசையில் நீண்ட அலை என்று என்னால் யோசிக்கக்கூட முடியவில்லை. உருவகத்துக்கு விதிவிலக்கு உண்டு என்று இன்னமும் வாதாடலாம். அது கிடக்கட்டும். என் வாக்கியத்திலிருந்து அந்தக் கவிதைகளுக்குத் திரும்பிப் போக முடிகிறதா என்று பார்த்தேன். முடியவில்லை. அந்த வருஷம் வெளிவந்த ஐந்து தொகுப்புகளில் எதற்கு வேண்டுமானாலும் அது பொருந்தும். கடன் விண்ணப்பத்தில் பெயரை நிரப்பாமல் விட்ட மாதிரி. தொகுப்பைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன். நாலு வரி, ஐந்து வரிக் கவிதைகள். வருகைப் பதிவேடு, மழைக்கு விடுமுறை விட்ட வகுப்பறை, பென்சில் சீவிய தூள். சொற்கள் மிகக் கொஞ்சம். ஒரு கவிதைக்குள் பார்வை மட்டும் மூன்று நாலு தடவை திரும்புகிறது. அலை என்றே சொல்லியிருந்தாலும் குறுகிய அலை என்று சொல்லியிருக்க வேண்டும். அதைத்தான் அவர் கார்டில் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு எட்டு வருஷம் கழித்துத் தெரிகிறது. அவருடைய கவிதை எதையும் அதற்குப் பிறகு நான் எந்தப் பத்திரிகையிலும் பார்க்கவில்லை. என் மதிப்புரையால்தான் நிறுத்திவிட்டார் என்று நினைப்பது என்னை நானே பெரிதாக்கிக்கொள்வது. ஆனால் எழுதிய ஒருவர் என்ன பார்த்தாய் என்று கேட்டபோது சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லாமலிருந்தது.

நம் யாப்புக்காரர்கள் செய்யுளை அலகிட்டார்கள். தொல்காப்பியத்தில் மாத்திரைக்கு இயல்பான கண்ணிமைப்பும் கைநொடிப்பும் அளவு. யாரும் தன் கண்ணை வைத்தே சரிபார்த்துக்கொள்ளலாம். புதுக்கவிதை வந்தபோது அலகிடுவதை விட்டோம், விட்டது சரி. கூடவே அலகையும் விட்டுவிட்டோம் என்பதுதான் என் புகார். வீச்சு, ஆழம், அடர்த்தி, அதிர்வு என்று பௌதிகத்திலிருந்து சொற்களை மட்டும் கொண்டுவந்தோம். அங்கே ஒவ்வொன்றுக்கும் பின்னால் மீட்டரோ கிலோவோ நொடியோ நின்றுகொண்டிருந்தது. வரும் வழியில் அவற்றை இறக்கிவிட்டோம். விமரிசனம் விஞ்ஞானமாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சண்டை பழையது, அதில் இரண்டு கட்சியும் எனக்கு அலுத்துவிட்டது. ஆழமான கவிதை என்று எழுதும்போது எங்கிருந்து எங்கே அளந்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டால் பாதி வாக்கியங்கள் நின்றுபோகின்றன. போன மாதம் ஒரு மதிப்புரை ஒப்புக்கொண்டேன். இன்னும் ஒன்றரைப் பக்கம்தான் வந்திருக்கிறது.

தாத்தாவின் பெட்டி இப்போது என் அறையில். முள்ளை இழுக்கும் நூல் அறுந்து, முள் ஓரமாக ஒதுங்கிவிட்டது. கண்ணாடியில் சிற்றலை வரிசையில் 25, 31, 41, 49 என்று தடித்த கோடுகள். 41ஐத் தாண்டி 42க்கு அருகில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறது. தாத்தா அத்தையின் நகப்பாலிஷை எடுத்து வைத்தது. அதற்கு அத்தை இரண்டு நாள் பேசவில்லையாம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு முள் அந்தப் புள்ளிக்குப் போய்விடும். தமிழும் கேட்கும், இந்தியும் கேட்கும், நடுவில் புரியாத பாஷையும் கேட்கும். இதை மட்டும் ஏன் முன்னாலேயே செய்து பார்க்கவில்லை என்று தெரியவில்லை. ஸ்கேல் வைத்து அளந்தேன். 41.8 மீட்டர். 300ஐ 41.8ஆல் வகுத்தால் 7.177 மெகாஹெர்ட்ஸ், 7177 கிலோஹெர்ட்ஸ். புள்ளிக்கும் அகலம் உண்டு. இடது விளிம்பு 41.7, வலது விளிம்பு 41.9 என்று வைத்துக்கொண்டால் 7194இலிருந்து 7160 வரை வருகிறது. சிற்றலையில் ஐந்து கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு நிலையம் என்றால் அந்த ஒரு புள்ளிக்குள் ஆறேழு நிலையங்கள். அவர் முள்ளைப் புள்ளியில் நிறுத்திவிட்டு, பெட்டியின் பக்கத்தில் காதை வைத்து, விரல் நுனியால் அசைக்கிறோமா இல்லையா என்று தெரியாமல் அசைத்துக்கொண்டிருந்தது இதற்குத்தான்.

7177 என்று எழுதிய பிறகுதான் கவனித்தேன், அது 7200க்கு உள்ளே இருக்கிறது. அந்த நாளில் நம் பக்கத்து உலகத்தில் அமெச்சூர்களுக்கு 7000இலிருந்து 7100 வரைதான். அதற்கு மேல் ஒலிபரப்பு நிலையங்கள். 2003இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு 7100இலிருந்து 7200 வரை உள்ள இடத்தை அவை காலி செய்ய வேண்டும் என்று தீர்மானித்தது. 2009 மார்ச் 29இலிருந்து அந்த இடம் அமெச்சூர்களுடையது. தாத்தா 2006இல் போய்விட்டார். அவர் இருந்தவரை அங்கே பெரிய நிலையங்கள் பேசின, அவர் கேட்டார். இப்போது அங்கே பேச நான் பரீட்சை எழுதுகிறேன்.

கையடக்கமான ஒரு ரேடியோ வாங்கியிருக்கிறேன், எண் தெரிகிற மாதிரி. ராத்திரி பத்து மணிக்கு மேல் 7177இல் வைத்தேன். முதலில் இரைச்சல். கொஞ்சம் கீழே, 7160க்கு அருகில், இரண்டு பேர் இங்கிலீஷும் இந்தியும் கலந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வீட்டில் வோல்டேஜ் குறைவு. இன்னொருவர் ஆண்டென்னாக் கம்பியில் காக்காய் உட்காருவதைப் பற்றி விஸ்தாரமாகச் சொன்னார். அரை மணி நேரம் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாரும் நானும் கம்பி அளந்தோம். எதற்கு வெட்டுவது என்று கேட்டார். 7.177 என்றேன். எதற்கு அந்த எண் என்று கேட்கவில்லை. 468ஐ மனசுக்குள் வகுத்து, "அறுபத்தஞ்சடி, ரெண்டரை இஞ்சு" என்றார். மொட்டை மாடி நாற்பதடிதான், மீதியைப் பக்கத்து வீட்டுத் தென்னைக்குக் கொண்டுபோகக் கேட்டிருக்கிறோம். கட்டிப் பார்த்துக் குறைத்துக்கொள்ளலாம், இப்போதைக்கு ஒரு முழம் கூடவே விடு என்றார். 67 அடிக்கு வெட்டிச் சுருட்டி வைத்திருக்கிறேன்.

அவருக்குக் கார்டு எழுதவும் உட்கார்ந்தேன். உங்கள் கணக்கு சரி, கவிதைகளை மறுபடி படித்தேன், குறுகிய அலை என்று நான் எழுதியிருக்க வேண்டும் என்று மூன்று வரி. கார்டில் இன்னும் பாதி இடம் இருந்தது. பென்சில் தூள் கவிதையில் மூன்றாவது வரியில் என்ன நடக்கிறது என்று எழுத ஆரம்பித்தேன், இடம் போதவில்லை. இன்லண்டு லெட்டர் வாங்கிக்கொண்டு வர வேண்டும்.